பூட்டிய வண்டி, மறித்த பாலம்

அந்த வண்டி வயலின் நடுவில் நின்ற அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேன்.

புரட்டாசி மாதம், குறுவை அறுவடை. கீழ்வேளூரை ஒட்டிய எங்கள் ஊரில் என் தாய்மாமாவின் வயல். விடாமல் அடித்த மழையில் பயிர் மொத்தமும் சாய்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. சாய்ந்த பயிர் அறுவடை இயந்திரத்துக்கு ஒத்துவராது. கத்தியை மேலே வைத்தால் கதிர் கீழேயே தங்கிவிடும்; கீழே இறக்கினால் சேற்றையும் சேர்த்து அள்ளிப் போடும். அதற்காகத்தான் நானும் என் தொழில் கூட்டாளியும் ஒரு கருவி செய்திருந்தோம். வண்டியின் முகப்பில் மாட்டினால் அதன் இரும்பு விரல்கள் படுத்த கதிருக்கு அடியில் நுழைந்து தூக்கிக் கொடுக்கும். சேற்றின் மட்டத்துக்குத் தகுந்தபடி கத்தியை ஏற்றி இறக்க ஒரு சென்சாரும் உண்டு. பெயர் யோசிக்கவெல்லாம் நேரமில்லை. "தூக்கி" என்று கூப்பிட்டோம், அதுவே நிலைத்துவிட்டது.

முந்தைய வருஷம் மாமாவின் பழைய வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது தூக்கி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வேலை செய்தது. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் எக்ஸ்சேஞ்ச் மேளா என்று பந்தல் போட்டு, எங்கள் பக்கத்துப் பழைய வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு புது மாடலைத் தலையில் கட்டிவிட்டார்கள். மாமாவும் மாற்றிவிட்டார். அந்தப் புது வண்டியில்தான் அன்று தூக்கியை மாட்டினோம். நடுவயல் வரைக்கும் போனது. பிறகு திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: அங்கீகரிக்கப்படாத பாகம். அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. தூக்கியைக் கழற்றிய பிறகும் கிளம்பவில்லை. தஞ்சாவூரிலிருந்து கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்து திறந்துவிட்டால்தான் உண்டாம்.

மாமா வரப்பில் நின்று குதித்தார்.

"ஏன் பாப்பா, உன் பரிசோதனைக்கு என் வண்டிதான் கெடச்சுதா? நெல்லு முளைச்சிடும், தெரியுமா உனக்கு?"

"போன வருஷம் ஓடினப்போ மட்டும் என் மருமக எஞ்சினியருன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்க? இப்ப நான் வேண்டாதவளா மாமா?"

என் கூட்டாளி சேற்றில் நின்றபடி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், குவைத்தில் கிரேன் பழுதுபார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் பட்டறையில் இரும்பு வேலை அவருடையது, மின்னணு வேலை என்னுடையது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவருக்கு வரவே வராது, அதைப் பார்த்து எனக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

"விடுங்கம்மா," என்றார் அன்றும். "புது வண்டியில்ல, கொஞ்சம் பிகு பண்ணுது."

கம்பெனி ஆள் வந்து சேர்வதற்குள் கதிரிலேயே முளை கட்டிவிட்டது. மாமா அந்த முளையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே தஞ்சாவூரில் இருக்கும் ஷோரூமுக்குப் போனோம். மேனேஜர் மரியாதையான ஆள். ஏசி அறையில் உட்கார வைத்து டீ வரவழைத்தார்.

"இந்த மாதிரி ஒரு கருவி உங்ககிட்ட இருக்கா சார்? இருந்தா அதையே வாங்கி மாட்டிக்கிறோம்," என்றேன்.

"எங்க கம்பெனி அப்படி ஒண்ணு கொண்டு வரலைங்க மேடம்."

"செய்யறதா உத்தேசமாவது இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

"ஆக, நீங்களும் செய்யமாட்டீங்க, நாங்க செஞ்சாலும் மாட்ட விடமாட்டீங்க. சாஞ்ச நெல்லை நாங்க பல்லால கடிச்சு அறுக்கணுமா சார்?"

பாய் தொண்டையைச் செருமினார். கொஞ்சம் அடக்கி வாசி என்று அதற்கு அர்த்தம். மேனேஜர் கோபப்படவில்லை. பாதுகாப்பு என்றார். கண்ட கண்ட பாகத்தை மாட்டி யாருக்காவது கை போனால் கம்பெனி தலையில்தான் விழும் என்றார். அதில் பாதி நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் எங்கள் தூக்கியைச் சோதித்துப் பாருங்கள், எங்கே வேண்டுமானாலும் கொண்டுவருகிறோம், தேறவில்லை என்றால் உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தார்.

"மேடம், கொஞ்சம் பெரிசா யோசிங்க. வெளிநாட்டு மிஷினெல்லாம் கப்பல் கப்பலா வந்து இறங்கக் காத்திருக்கு. நம்ம நாட்டுக் கம்பெனின்னு நாங்க ஒருத்தர்தான் தாக்குப் பிடிக்கிறோம். நம்ம மிஷின் பொழைக்கணும்னா வெளியில இருந்து வர்றதை நிறுத்தித்தான் ஆகணும். உங்களை மாதிரி ஆளுங்க கேஸு, புகாருன்னு கிளம்பினா நாட்டுக்குத்தான் நஷ்டம்."

கேஸ் என்ற வார்த்தையை முதலில் எடுத்தவர் அவர்தான். அதுவரை எனக்கு அந்த எண்ணமே இல்லை. புண்ணியவான், வழி காட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுக இரண்டு பக்கமும் சாய்ந்த பயிர்தான். எனக்கு மனசு ஆறவில்லை. நாடு, நாடு என்றாரே, இந்த வயலெல்லாம் எந்த நாட்டில் இருக்கிறது? மழையில் நெல் சாய்வது எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமா? வங்காளதேசத்திலும் வியட்நாமிலும் இதே சேறு, இதே மழை, இதே படுத்த கதிர். அங்கே போய் விற்கக்கூடிய ஒரு பொருள் கீழ்வேளூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கிடக்கிறது. அதை வெளியே விடாமல் பூட்டி வைத்துவிட்டு, நாட்டின் பலம் என்று காதில் பூ சுற்றுகிறார்கள். அந்தக் கம்பெனியின் எஞ்சினியர்கள் மக்குகள் இல்லை. நினைத்தால் எங்களைவிட நல்ல தூக்கி செய்வார்கள். ஆனால் அவர்களை விட்டால் நமக்கு வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகு, அவர்கள் எதற்குச் சேற்றில் இறங்க வேண்டும்? பின்னால் ஒருத்தன் துரத்தி வந்தால்தானே கால் நகரும்?

இதையெல்லாம் பாயிடம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டைத் திறக்கற ஆளு எனக்குத் தெரியும்மா," என்றார் பாய் மெதுவாக. "சாஃப்ட்வேரை உடைச்சுக் குடுத்துடுவான்."

"வேணாம் பாய். உடைச்சா வாரன்டி போச்சுன்னு எவனும் மாட்டமாட்டான். நாமளும் திருட்டுச் சாவி போட்ட ஆளுங்களாயிடுவோம். திறக்க வேண்டியவங்க கையாலயே திறக்க வைக்கணும்."

"அப்ப சரி," என்றார். அவர் சரி என்றால் சரிதான், பிறகு பின்வாங்கமாட்டார்.

தாராசுரத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். சென்னையில் பெரிய கம்பெனி வழக்குகள் பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊரோடு வந்துவிட்டார். கோயிலுக்குப் பின்னால் ஒரு மாவு மில்லின் மாடியில் அலுவலகம். தில்லியில் நடக்கும் விசாரணைகளில் அங்கிருந்தே வீடியோவில் ஆஜராவாராம். சந்தையில் மற்றவர்களை நசுக்குகிறவர்களை விசாரிக்கத் தில்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது என்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பெரிய கம்பெனியா இருக்கிறது தப்பில்லைங்க," என்றார் வக்கீலம்மா. "நல்ல பொருள் செஞ்சு பெரிசானா அது அவங்க சாமர்த்தியம். பெரிசான பிறகு அந்த பலத்தை வெச்சு அடுத்தவங்க வாசலை அடைச்சா, அங்கேதான் சட்டம் உள்ளே வரும்."

"அடைச்சுத்தானேங்க வெச்சிருக்காங்க?"

"அது உங்களுக்குத் தெரியும், ஆணையத்துக்குத் தெரியணுமே. அதுக்காக எல்லாப் பூட்டையும் உடைன்னு கேக்கப் போறதில்லை. அப்படிக் கேட்டா புதுசா ஒரு வண்டி செய்யறவனுக்கும் மனசு விட்டுப்போகும். வெளி ஆளு செய்யற கருவிக்கு ஒரு சோதனை வைங்க, அதுல தேறினா பூட்டைத் திறங்க, இதுதான் நம்ம கோரிக்கை. ஆனா பூட்டினதால யாருக்கு என்ன போச்சுன்னு வண்டி வெச்சிருக்கிறவங்க முன்வந்து சொல்லணும். நீங்க ரெண்டு பேரு மட்டும் நின்னா எடுபடாது."

வண்டிக்காரர்கள் என்றால் எங்கள் பக்கத்து அறுவடை இயந்திர உரிமையாளர் சங்கம். தலைவர் யாரென்றால் என் மாமாவேதான். முளைத்த நெல்லின் ஆத்திரம் அவருக்கும் இருந்தது. கம்பெனி மேல் கேஸ் என்றதும் மீசையைத் தடவிக்கொண்டார். "எல்லாரையும் வரச் சொல்றேன், வண்டியோட நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை பேரு பாதிக்கப்பட்டிருக்கோம்னு தில்லிக்காரன் பாக்கட்டும்," என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வண்டிகளை ஆற்றுப் பாலத்தடியில் வரிசையாக நிறுத்தினார்கள். இடத்தை முடிவு செய்தவர் மாமா. காரணம், பாலத்தின் முகப்பில் சங்கத்தின் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தது. அதில் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தப் படமும் போட்டோவில் விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. எடுத்தோம், தாராசுரத்துக்கு அனுப்பினோம். அடுத்த நிமிஷமே போன் வந்தது. எடுத்தால் அந்தப் பக்கம் சிரிப்பு. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது.

"ஏங்க, போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா?"

தினமும் அதைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. அன்று படித்தேன். சங்கம் நிர்ணயித்த மணிக்கட்டணம் இவ்வளவு, குறைத்து அறுக்கக் கூடாது. வெளியூர் அறுவடை இயந்திரங்களுக்கு எங்கள் எல்லைக்குள் அனுமதி இல்லை. மீறினால் வண்டி சிறைபிடிக்கப்படும். இப்படிக்கு, கைகூப்பிச் சிரிக்கும் என் மாமா.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து ரேட்டு பேசி வெச்சுக்கிட்டு அடுத்தவனை உள்ளே விடாம இருக்கிறது, அதே சட்டத்துல பெரிய தப்புங்க," என்றார் வக்கீலம்மா, சிரிப்பை நிறுத்திவிட்டு. "அதுவும் போர்டு வெச்சு, போட்டோ புடிச்சு, நீங்களே அனுப்பியிருக்கீங்க. கம்பெனி வக்கீலு இதைத்தான் முதல்ல தூக்கிக் காட்டுவாரு. அந்த போர்டும் அந்தப் பழக்கமும் இருக்கிற வரைக்கும் நான் உங்களுக்காக வாயைத் திறக்க முடியாது."

போனை வைத்துவிட்டு, போர்டை இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தேன்.

சம்பா அறுவடைக்கு முன்னால் சங்கம் கூடும் வழக்கம் ஒன்று உண்டு. அரிசி ஆலைக் களத்தில் எல்லோரும் உட்கார்ந்து கட்டணம் பேசி முடித்ததும், தட்டில் சூடம் கொளுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வண்டிக்காரர்கள் கட்டணத்தைக் குறைப்பதில்லை என்று அடிப்பார்கள். பழுதுபார்ப்பவர்கள் வெளியூர் வண்டியைத் தொடுவதில்லை என்று அடிப்போம். பாய் மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிடுவார். ஏதோ கோயில் காரியம் மாதிரி நடக்கும், யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"மாமா, கேஸ் போடணும்னா இந்த போர்டை எடுக்கணும். வெளியூர் வண்டியை மறிக்கப் பாலத்துல மூங்கில் கட்டறதையும் விடணும்."

களம் சளசளத்தது. மாமா கையமர்த்தினார்.

"பாப்பா, உனக்கு மிஷின் தெரியும், ஊரு தெரியாது. ஆத்தூர்க்காரன் வண்டியை வரிசையா ஓட்டிக்கிட்டு வந்து மொத்தத்தையும் மளமளன்னு அறுத்துட்டுப் போயிடுவான். நம்ம வண்டி கொட்டகையில நிக்கும். நம்ம மிஷின் பொழைக்கணும்னா வெளியில இருந்து வர்றதை நிறுத்தித்தான் ஆகணும்."

எழுத்துப் பிசகாமல் அதே பேச்சு.

"மாமா, தஞ்சாவூர்ல அந்த மேனேஜர் சொன்னது இதேதான். ஒரு வார்த்தை மாறல. அவரு என்னை வெளியூருங்கறாரு, நீங்க ஆத்தூர்க்காரனை வெளியூருங்கறீங்க. அங்கே ஏசி, இங்கே சூடம். வேற என்ன வித்தியாசம்?"

"வாயை அடக்கிப் பேசு!"

"நியாயத்தைத்தான் பேசறேன். வெளியில இருந்து எவனும் வரலைன்னதால நாம என்ன முன்னேறிட்டோம்? போன அறுவடையில நம்ம வண்டி எத்தனை நெல்லைச் சேத்துலயே விட்டுட்டு வந்துச்சு, யாராவது வாயைத் திறந்தாங்களா? வேற வண்டி இல்லாததால சனங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க!"

தட்டு என் முன்னால் வந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன். பாயும் நெஞ்சில் கை வைக்கவில்லை. தட்டோடு மாமா நின்றுகொண்டே இருந்தார். அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன். கடைசியில் சூடம் தானாக எரிந்து அணைந்தது.

அன்றோடு எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டி வரவில்லை. சங்கத்துக்காரர்கள் திருவாரூர் வரைக்கும் போய்ப் பழுதுபார்த்துக்கொண்டு வந்தார்கள். மாமா வீட்டில் பொங்கல் வைத்தபோது எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. என் அம்மா அண்ணனுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் அவரைத் திட்டினாள், அவருக்கு முன்னால் என்னைத் திட்டினாள். தூக்கி தகரக் கொட்டகையில் துணி மூடிக் கிடந்தது. இந்தச் சம்பாவில் அது ஓடாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். பாய் மறுபடியும் குவைத்துக்குப் போவதாக வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. ஆனாலும் ஒரு நாள்கூட, அந்தச் சூடத்தை அடித்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றவில்லை. அடித்திருந்தால் அந்த மேனேஜர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

தை மாதம் அறுவடை ஆரம்பித்த சமயத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. பழைய மாடல். கட்டணத்தைக் குறைத்துக் கேட்டாராம் அந்த வண்டிக்காரர். மாமாவின் ஆட்கள் பாலத்தில் மூங்கிலைக் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அக்கரையிலேயே புளியமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு, அங்கே இங்கே கிடைத்ததை அறுத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அந்த மழை. தை மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் இக்கரையும் அக்கரையும் படுத்துக் கிடந்தன. வானம் வெளுக்கவும் இல்லை. இன்னொரு மழை வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாய், தூக்கியை வண்டியில ஏத்துங்க," என்றேன்.

"எங்கேம்மா?"

"அக்கரைக்கு. அவருகிட்ட பழைய மாடல் இருக்கு. அதுல பூட்டு கிடையாது."

பாய் சிரித்த சிரிப்பை அன்றுதான் பார்த்தேன், அத்தனை பல்லும் தெரிந்தது. லோடு ஆட்டோவில் தூக்கியைக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். மூங்கிலுக்குக் காவல் நின்ற ஆள் என்னைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். வெளியூர் வண்டி உள்ளே வரக் கூடாது என்றுதானே போர்டு, உள்ளூர்க்காரி வெளியே போகக் கூடாது என்று எழுதவில்லையே என்றேன். மூங்கிலைத் தூக்கிவிட்டான்.

ஆத்தூர்க்காரர் முதலில் நம்பவில்லை. "பாலத்துல என்னை மறிச்ச ஊருதானுங்க உங்க ஊரு?" என்றார். ஆமாங்க, அந்தத் தலைவருக்கு மருமக நான்தான் என்றேன். மனிதர் மிரண்டுவிட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க, புடிக்கலைன்னா கழட்டிக்கிறேன் என்று மாட்டினோம். வண்டி அக்கரை வயலில் இறங்கியது. இரும்பு விரல்கள் சேற்றைத் தொட்டும் தொடாமலும் போய்க் கதிரைத் தூக்கின. வண்டி போன தடத்தில் நெல் சிந்தவில்லை, சேறு ஏறவில்லை. நான் வரப்பில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதுவிட்டேன். குறுவையில் என் கையில் வைத்த அந்த முளைக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

இக்கரையில் சங்கத்து வண்டிகள் சேற்றை அள்ளி அள்ளித் துப்பிக்கொண்டிருந்தன. ஆறு ஒன்றும் பெரிதில்லை. இங்கே நடப்பது அங்கே தெரியும், அங்கே நடப்பது இங்கே தெரியும். சனங்கள் கரையில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் மாமா பாலத்துக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரை சேறு. என்னைப் பார்க்கவில்லை. நேராக ஆத்தூர்க்காரரிடம் போனார்.

"தம்பி, அந்தப் பக்கம் நம்ம வயலு ஒண்ணு கெடக்கு. மழைக்கு முன்னால அறுத்தாகணும். மணிக்கு என்ன கேக்கறீங்க?"

ஆத்தூர்க்காரர் பாலத்தின் முகப்பைக் கைகாட்டினார். "நீங்களேதான் போர்டுல போட்டிருக்கீங்களேங்கய்யா. அதையே குடுங்க, போதுங்க."

முன்னால் அவர் குறைத்துக் கேட்டதற்குத்தான் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மாமா போர்டைப் பார்த்தார். போர்டில் இருந்த மாமா கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாய் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன், சிரித்தால் அந்தத் தருணம் கெட்டுவிடும்.

"சரி," என்றார் மாமா. பிறகு யாரையும் கூப்பிடாமல் அவரே போய் மூங்கிலின் கயிற்றை அவிழ்த்தார். மழையில் நனைந்து இறுகியிருந்தது. நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் தடுக்கவில்லை.

மழை விழுவதற்குள் அவருடைய நெல் களத்துக்கு வந்துவிட்டது. மூடத் தார்ப்பாய் போதவில்லை. மாமா நேராகப் பாலத்துக்குப் போய், ஃப்ளெக்ஸை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து நெல் குவியலின் மேல் விரித்தார். எழுத்துப் பக்கம் உள்ளே. நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்.

"என் மூஞ்சி நெல்லுக்குக் காவலா கெடக்கட்டும்," என்றார். குறுவைக்குப் பிறகு அவர் எனக்கு முன்னால் சொன்ன முதல் வேடிக்கை அது.

அத்தோடு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. சங்கத்தில் பாதிப்பேர் மாமாவோடு சண்டை போட்டார்கள். வாங்கிய சத்தியம் என்னாவது என்றார்கள். மாமா அம்மன் கோயிலுக்குப் போய் அபராதமாக ஒரு மூட்டை நெல்லை வைத்துவிட்டு, நான் கொடுக்க வைத்த சத்தியம், நானே திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த அறுவடைக்கு வெளியூர் வண்டிகள் நிறைய வரும், எங்கள் ஆட்களுக்கு வேலை குறையும், அதுவும் நடக்கத்தான் போகிறது. அதற்குப் பதில் நல்ல வண்டி வைத்திருப்பதுதான், நன்றாக அறுப்பதுதான். கம்பெனிக்கும் நான் சொல்வது அதேதான். வழக்கு வருஷக்கணக்கில் போகலாம் என்று வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். போகட்டும், எனக்கும் வேறு வேலை இல்லை, இதுதான் வேலை.

போன வாரம் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம் எழுத மாமா பட்டறைக்கு வந்தார். கணினி முன்னால் நான், ஸ்டூலில் அவர், போனில் வக்கீலம்மா. வண்டி நின்றது, ஆள் வராமல் நெல் முளைத்தது, எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கவில்லை.

"பாலத்துல போர்டு வெச்சதும் மூங்கில் கட்டினதும் நான்தான்னு எழுது."

போனில் வக்கீலம்மா பதறினார். "அய்யா, எடுத்துட்டீங்கன்னு நான் ஒரு வரி சேத்துக்கறேன், போதும். நீங்களா விவரமா சொன்னா, அவங்க வக்கீலு அதைத்தான் முதல்ல படிப்பாரு. உங்க மேலயே திரும்பலாம்."

"திரும்பட்டும்மா, என்ன தண்டனையோ குடுக்கட்டும். வெளியில இருந்து எதுவும் வரக் கூடாது, நம்ம மிஷின் பொழைக்கணும், நாடு பொழைக்கணும்னு அவங்க கதை விடுவாங்கல்ல? அது பொய்யின்னு நீங்க சொன்னா சட்டம். பாலத்தை மறிச்ச நான் சொன்னாத்தான் சாட்சி."

மாமா திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"கடைசியில போடாத பாப்பா. முதல் வரியா போடு."

போட்டேன்.